இல்லாத மருந்துக்கு ஓர் அதிகாரி

அது அரசாங்கத்து அச்சகம். அரசாங்கம் தனக்குத் தானே எழுதிக்கொள்வதை எல்லாம் அச்சடித்து அரசாங்கத்துக்கே அனுப்பி வைப்பது அதன் வேலை. அங்கே எல்லோரும் ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போவார்கள். பிளேட்காரர் மட்டும் நாலு மணிக்குப் போவார்.

இது சலுகை இல்லை, விதி. அச்சு பிளேட்டில் ஊதா லேசர் எழுதிவிட்டுப் போன பிறகு, அதை ஒரு திரவத்தில் கழுவினால்தான் எழுத்து வெளியே வரும். அதற்கு டெவலப்பர் என்று பெயர். அச்சகத்தில் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். மருந்து என்பார்கள். மஞ்சள் விளக்கு எரிகிற அறைக்குள் நாள் முழுக்க மருந்தைக் கலக்கி, ஊற்றி, மாற்றி, மூக்கைப் பிடித்துக்கொண்டு கிடப்பவர் ஒரு மணி நேரம் முன்னதாகக் காற்றாட வெளியே போகலாம் என்று ஏதோ ஒரு புண்ணியவான் எப்போதோ எழுதி வைத்திருந்தார். அதை அழிக்க யாருக்கும் தோன்றவில்லை.

அந்த ஒரு மணி நேரத்தை வைத்துத்தான் பிளேட்காரர் குடும்பம் நடத்தினார் என்று சொன்னால் மிகையில்லை. குடியிருந்தது மாமனார் வீட்டில். கீழே இவர் குடும்பம், மேலே சகலை குடும்பம். சகலை என்றால் மனைவியின் தங்கையைக் கட்டியவர். ஐந்து மணிக்கு மேல் அந்த வீட்டில் பிள்ளைகள், மாமனார், மாமனாரைத் தேடி வருகிறவர்கள், டிவி என்று ஒரே சந்தைக்கடை. ஆனால் நாலிலிருந்து ஐந்து வரை யாரும் இருக்க மாட்டார்கள். பிள்ளைகள் டியூஷனில். மாமனார் நடைப்பயிற்சியில். மேல்மாடி மைத்துனி கண்ணாடிக் கடை வேலையில். பிளேட்காரர் மனைவி தையல் மெஷினை நிறுத்திவிட்டு டீ போடுவாள். இரண்டு பேரும் சமையலறை மேடையில் ஏறி உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டு, ஒன்றுமில்லாத விஷயங்களைப் பேசிச் சிரிப்பார்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகும் மனைவியோடு சிரிக்க ஒரு மணி நேரம் கிடைப்பது எத்தனை பேருக்கு வாய்க்கும், சொல்லுங்கள்.

சகலைக்கு வாய்க்கவில்லை. அவர் அதே அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் பசையும் கையுமாக ஐந்து மணிவரை உட்கார்ந்திருப்பார். நாலு மணிக்கு சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பிளேட்காரர் அந்தப் பக்கம் போகும்போது சகலை நிமிர்ந்து பார்ப்பார்.

"கிளம்பியாச்சா சகலை?"

"என்ன பண்றது சகலை, மருந்து. உடம்பைப் பாக்கணுமே."

இந்த இரண்டு வரியும் தினமும் உண்டு. வெளியே போக வேறு வழியும் இருந்தது, அதுதான் குறுக்கு வழி. ஆனாலும் பிளேட்காரர் ஒருநாளும் பைண்டிங் பிரிவு வழியாகச் சுற்றிக்கொண்டு போகத் தவறியதில்லை. அடுத்தவன் பொறாமை என்பது அனுபவிக்க அவ்வளவு சுகமான சரக்கு. நமக்கு வரும்போதுதான் அதன் இன்னொரு முகம் தெரியும்.

அது வந்தது ஒரு திங்கட்கிழமை, இயக்குநரின் உருவத்தில்.

இயக்குநர் வெளியூர்க் கண்காட்சி ஒன்றுக்குப் போய்த் திரும்பியிருந்தார். எல்லோரையும் முற்றத்தில் நிற்க வைத்து மைக்கைப் பிடித்தார்.

"தோழர்களே, இனி நம் அச்சகத்தில் மருந்து கிடையாது. மருந்தில்லாத பிளேட் வந்துவிட்டது. லேசர் எழுதும். கோந்துத் தண்ணீர் ஓடுகிற ஒரு சின்ன மெஷினில் விட்டால் எழுத்து வந்துவிடும். அவ்வளவுதான். உலகத்திலேயே மிக எளிய முறை. இவ்வளவு எளிய ஒன்றை நம்மைப் போன்ற பெரிய நிறுவனம் தனியாளிடம் விட்டுவிட முடியாது. ஆகவே மருந்தின்மைப் பிரிவு என்று ஒரு புதிய பிரிவைத் தொடங்குகிறேன். மருந்து இருந்தபோது அதற்கு ஓர் ஆள் போதுமாக இருந்தது. மருந்து இல்லை என்றால் அது எந்த நேரமும், எந்த மூலையிலும் இல்லாமல் இருக்க வேண்டும். அதற்கு ஓர் ஆள் போதாது."

கை தட்டினார்கள். பிளேட்காரரும் தட்டினார். புதிய பிரிவுக்கு ஓர் அதிகாரி, ஓர் உதவி அதிகாரி, இரண்டு எடுபிடிகள், ஓர் அறை, அறையில் மேசை மேல் விரிக்க ஒரு மேசைக்கண்ணாடி. அதிகாரி தாம்தான் என்பதில் பிளேட்காரருக்குச் சந்தேகமே இல்லை. அச்சகத்திலேயே மருந்தைத் தொட்ட ஒரே ஆள் அவர். வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்லியும் விட்டார்.

தகுதி விவரம் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. அதிகாரியாக வருகிறவர் மருந்தோடு எந்தக் காலத்திலும் எந்தத் தொடர்பும் இல்லாதவராக இருக்க வேண்டும் என்று இருந்தது.

பிளேட்காரர் இயக்குநரைப் பார்க்கப் போனார்.

"ஐயா, மருந்து எதுன்னு தெரிஞ்சவன்தானே அது இல்லைன்னு சொல்ல முடியும்?"

"அதுதான் ஆபத்து" என்றார் இயக்குநர், மிகுந்த பரிவோடு. "உங்களுக்கு மருந்து மேல பழக்கம். பாசம்கூட இருக்கலாம். இந்தப் பதவிக்குக் களங்கமில்லாத ஆள் வேணும்."

களங்கமில்லாத ஆளைத் தேடினார்கள். சகலை கிடைத்தார். பைண்டிங் பசை மருந்தா இல்லையா என்று ஒரு குழு இரண்டு முறை கூடி விவாதித்து, பசை பசைதான் என்று முடிவெடுத்தது. அடுத்த வாரமே சகலை மேசைக்கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார். அவருக்கே நம்ப முடியவில்லை பாவம், பயந்துபோய் நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்திருந்தார்.

பிளேட்காரர் பழையபடி மஞ்சள் அறையில் பிளேட்டை லேசருக்குள் தள்ளினார், எடுத்தார், கோந்து மெஷினுக்குள் விட்டார். மெஷின் பிசுபிசுப்பைத் தினமும் அவர்தான் கழுவினார், வழிகிற கோந்தை அவர்தான் வாளியில் பிடித்து வெளியே கொண்டுபோனார். நாலு மணிக்குப் பையை எடுத்தபோது வாசல் காவலாளி நிறுத்தினார்.

"மருந்துதான் இல்லையே சார். அஞ்சு மணி."

"கோந்து இருக்கே?"

"கோந்து மருந்து லிஸ்ட்ல வரலை. கேட்டுட்டுத்தான் சொல்றேன்."

பிளேட்காரர் முகத்தில் ஈயாடவில்லை. திரும்பி வந்து, மஞ்சள் வெளிச்சத்தில் ஒரு முக்காலி மேல் ஐந்து மணிவரை சும்மா உட்கார்ந்திருந்தார்.

இதற்குள் மருந்தின்மைப் பிரிவில் ஒரு பெரிய சிக்கல் எழுந்தது. மருந்து இல்லை என்பதை எப்படி உறுதி செய்வது? உதவி அதிகாரி நல்ல மூளைக்காரர். எந்தப் பொருள் இல்லையோ அந்தப் பொருள் எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் அது இல்லை என்று அறுதியாகச் சொல்ல முடியும் என்று ஒரு குறிப்பு எழுதினார். இயக்குநர் அதை மிகவும் பாராட்டி, மாதம் ஒரு டிரம் மருந்து வாங்க அனுமதி கொடுத்தார். மருந்து இருந்த காலத்தில் ஒரு டிரம் மூன்று மாதம் வந்தது. அதிகாரியின் அறையிலேயே டிரம்மை வைத்துப் பூட்டினார்கள்.

தினமும் காலையில் சகலை டிரம் மூடியைத் திறந்து நன்றாக மோந்து பார்ப்பார். பிறகு மஞ்சள் அறைக்கு வந்து நான்கு மூலையிலும் நின்று மூச்சை இழுப்பார். பின்னால் எடுபிடிகள் இருவரும் அமைதியாக நிற்பார்கள். சகலை "வரலை" என்பார். உதவி அதிகாரி "வரவில்லை" என்று எழுதிக்கொள்வார். பிறகு எல்லோரும் அதே வரிசையில் திரும்பிப் போவார்கள். பிளேட்காரர் சுவரோரமாக ஒதுங்கி நின்று வழி விடுவார்.

ஒரு நாள் சகலை வரும்போது கண் சிவந்து, தும்மிக்கொண்டே வந்தார். டாக்டரைக் கூப்பிட்டார்கள். மருந்தை நேரடியாக முகர்வதால் வந்த எரிச்சல் என்றார் டாக்டர். மருந்தோடு புழங்குபவர் நாலு மணிக்குப் போகலாம் என்ற விதி அப்படியேதான் இருந்தது. அச்சகத்தில் இப்போது மருந்தோடு புழங்குகிற ஒரே ஆள் மருந்தின்மை அதிகாரி. சகலை நாலு மணிக்கு வீட்டுக்குப் போக உத்தரவாயிற்று.

அன்று நாலு மணிக்கு சகலை மஞ்சள் அறைக் கதவை மெல்லத் தட்டினார். அவருக்குச் சங்கடமாகத்தான் இருந்தது.

"அப்போ நான் கிளம்பட்டுமா சகலை?"

பிளேட்காரர் கோந்து மெஷினைத் துடைக்கத் திரும்பிக்கொண்டார். வாயைத் திறந்தால் வேறு ஏதாவது வந்துவிடும் போலிருந்தது.

ஐந்தரைக்கு வீட்டுக்குப் போனார். சமையலறை மேடையில் இரண்டு டீ டம்ளர்கள் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

"யார் வந்தது?"

"உங்க சகலைதாங்க. மேல போய்த் தனியா உக்காந்திருப்பாரேன்னு ஒரு டீ கொடுத்தேன். ஆபீஸ்ல டிரம்மை மோந்து பாக்கறதை நடிச்சுக் காட்டினார் பாருங்க. சிரிச்சுச் சிரிச்சு எனக்கு வயித்து வலியே வந்திடுச்சு."

"மேடையிலயா உக்காந்தார்?"

"சேச்சே, ஸ்டூல்ல. ஏங்க, முகமெல்லாம் ஒரு மாதிரியா இருக்கு?"

வேலை அதிகம் என்றார் பிளேட்காரர். மனைவி மேலும் சந்தேகமில்லை, சகலை மேலும் சந்தேகமில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. சந்தேகம் இருந்தாலாவது ஒரு சண்டை போட்டிருக்கலாம். சகலை நல்ல மனிதர். தமாஷாகப் பேசுகிறவர். அந்தத் தமாஷையெல்லாம் இத்தனை வருஷம் அஞ்சு மணிக்கு மேல் வைத்துக்கொண்டு இப்போது நாலு மணிக்கு எடுத்துக்கொண்டு போகிறாரே என்றுதான் வயிறு எரிந்தது. மறுநாளும் இரண்டு டம்ளர். அதற்கு மறுநாளும். ஒரு நாள் மூன்று டம்ளர் இருந்தது. சகலை இரண்டாவது டீ கேட்டு வாங்கிக் குடித்தாராம். பிளேட்காரருக்கு அவ்வளவு வருஷத்தில் ஒரு நாளும் இரண்டாவது டீ கேட்கத் தோன்றியதில்லை. ஏன் தோன்றவில்லை என்று நினைத்து நினைத்து மாய்ந்து போனார்.

வருஷக் கடைசியில் மேலிடத்துக் குழு ஒன்று அச்சகத்தைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. இயக்குநர் முன்கூட்டியே சுற்றிப் பார்த்தார். மஞ்சள் அறைக்குள் நுழைந்ததும் நின்றார்.

"இங்கே ஏன் இப்படி மங்கலா இருக்கு?"

"ஆதியிலேர்ந்து மஞ்சள் விளக்குதான் ஐயா" என்றார் உதவி அதிகாரி.

"மருந்து இருந்த காலத்து விளக்கு. மருந்தே போன பிறகு விளக்கு மட்டும் எதுக்கு? குழு வந்து பார்க்கும்போது இல்லாமை பளிச்சென்று தெரிய வேண்டாமா? மங்கலில் எதுவும் இல்லாமல் இருந்தால் அதை யார் நம்புவார்கள்? வெள்ளைக் குழல் விளக்காகப் போடுங்கள். ஜன்னல்களையும் திறந்துவிடுங்கள்."

உத்தரவு தயாரானது. அதில் கையெழுத்துப் போட வேண்டியவர் மருந்தின்மை அதிகாரி. சகலை பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு பிளேட்காரரிடம் வந்தார்.

"சகலை, விளக்கை மாத்தினா ஒண்ணும் ஆயிடாதே? உங்களுக்குத்தான் தெரியும்."

ஆகும். நன்றாகவே ஆகும். மருந்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த பிளேட்டுக்கு வெள்ளை வெளிச்சம் ஆகாது. பெட்டியைப் பிரித்து வெளியே எடுத்ததும் மேல்பூச்சு முழுக்க இறுகிப்போகும். பிறகு லேசர் என்ன எழுதினாலும் அது எடுபடாது, கோந்தில் கழுவினாலும் போகாது. பிளேட் முழுக்க மை பிடித்துக்கொண்டு, காகிதத்தில் தார் பூசியது போல் வரும். இது ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடக்கூடிய விஷயம். பிளேட்காரர் அந்த வாக்கியத்தை நாக்கு நுனிவரை கொண்டுவந்தார். அப்போது சகலை கடிகாரத்தைப் பார்த்தார். நாலு மணி ஆகப் போகிறது.

"நீங்கதானே சகலை ஆபீசர்" என்றார் பிளேட்காரர்.

சகலை கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார்.

விளக்கு மாட்டிய மறுநாள் அச்சுக்குப் போனது அச்சகத்தின் ஆணை இதழ். மேலிடம் போடுகிற எந்த ஆணையும் அந்த இதழில் வெளியான பிறகுதான் செல்லும். ஒவ்வொரு பிளேட்டாக வெள்ளை வெளிச்சத்தில் எடுத்து, ஒவ்வொன்றாக லேசருக்குள் தள்ளினார் பிளேட்காரர். கை ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. மனசுக்குள் சகலை நாற்காலியோடு கவிழ்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் தாள் வெளியே வந்ததும் அச்சு மெஷின்காரர் மெஷினை நிறுத்தினார். தாள் முழுக்கக் கறுப்பு. ஓர் எழுத்து இல்லை. பிளேட்டைத் தூக்கிக்கொண்டு மருந்தின்மைப் பிரிவுக்கு ஓடினார். புதிய முறைப்படி பிளேட் கெட்டுவிட்டது என்று சொல்லும் அதிகாரம் அந்தப் பிரிவுக்குத்தான். சகலை பல் டாக்டரிடம் போயிருந்ததால் உதவி அதிகாரி இருந்தார். படிவத்தில் வாசனை என்று ஒரே கட்டம்தான் இருந்தது. பிளேட்டை மோந்து பார்த்தார்.

"வரவில்லை. பிளேட் சரியாக இருக்கிறது."

"சார், எழுத்தே இல்லையே."

"எழுத்து எங்கள் பிரிவில் இல்லை."

மெஷின்காரர் தலையில் அடித்துக்கொண்டு மெஷினை ஓட்டினார். அத்தனை பிரதியும் கறுப்பாகவே அச்சாகி, மடிக்கப்பட்டு, கட்டப்பட்டு, எல்லா அலுவலகங்களுக்கும் போய்ச் சேர்ந்தன.

பிளேட்காரர் கூச்சலுக்காகக் காத்திருந்தார். ஒரு நாள் போனது, ஒரு வாரம் போனது, ஒரு புகாரும் வரவில்லை. ஓர் அலுவலகம் மட்டும் கூடுதலாக இரண்டு பிரதி கேட்டிருந்தது. அதற்குள் குழுவும் வந்துவிட்டது. குழுத் தலைவர் கறுப்புத் தாளை நீட்டி இதென்ன என்று கேட்டார். பிளேட்காரர் கதவோரம் நின்று காதைத் தீட்டிக்கொண்டார்.

இயக்குநர் தாளை இரண்டு கையாலும் வாங்கினார். ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

"இதுதான் ஐயா எங்கள் சாதனை. முன்பு ஒரு பக்கத்தில் பாதிக்கு மேல் வெள்ளையாகக் கிடந்தது. அரசாங்கக் காகிதம் அப்படியே வீணாகப் போனது. இப்போது ஓர் இம்மிகூட விடாமல் பயன்படுத்துகிறோம். படிக்க முடியவில்லை என்று சிலர் சொல்லலாம். படிக்க முடிந்த காலத்தில் மட்டும் யார் படித்தார்கள்? அப்போதும் புகார் இல்லை, இப்போதும் புகார் இல்லை. தரம் குறையவில்லை என்பதற்கு இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?"

குழுத் தலைவர் தலையாட்டினார். சகலைக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். சகலை அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் புரியாமல், எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டார். பிளேட்காரருக்குக் காதில் புகை வந்தது.

குழு போன பிறகு சகலை அவரைத் தேடி மஞ்சள் அறைக்கு வந்தார். இப்போது அது மஞ்சளாக இல்லை, பேர் மட்டும் அப்படியே இருந்தது.

"சகலை, ஒரு விஷயம். உங்ககிட்ட முன்னாடியே சொல்லலை. ஆச்சரியமா இருக்கட்டும்னு இருந்துட்டேன்."

"என்ன?"

"கோந்தையும் மருந்து லிஸ்ட்ல சேக்கணும்னு நான் எழுதிப் போட்டிருந்தேன். மாசக்கணக்கா நடையா நடந்தேன். கடைசில மேலிடத்துல ஒத்துக்கிட்டாங்க. பிளேட் ரூம்ல இருக்கறவர் பழையபடி நாலு மணிக்குப் போலாம்னு ஆணை போட்டுட்டாங்க. அது இந்த இதழ்லதான் வந்திருக்கு."

பிளேட்காரர் அப்படியே நின்றார்.

"எதுல?"

"அந்தக் கறுப்பு இதழ்லதான்."

இரண்டு பேரும் இயக்குநரிடம் ஓடினார்கள். ஆணையை அடுத்த இதழில் மறுபடி அச்சடிக்கலாமே என்று கெஞ்சினார் சகலை.

"வெளியான ஆணையை மறுபடி வெளியிட விதியில் இடமில்லை" என்றார் இயக்குநர்.

"ஆனா அது வெளியாகலையே ஐயா, கறுப்பாதானே இருக்கு."

"படிக்க முடியாதது வேறு, வெளியாகாதது வேறு. அது வெளியாகிவிட்டது. உள்ளேதான் எங்கோ இருக்கிறது. பிழை இருந்தால் திருத்தம் போடலாம். எந்தப் பக்கம், எந்த வரி என்று காட்டுங்கள், இன்றைக்கே போடுகிறேன்."

சகலை கறுப்புத் தாளை விரித்து வைத்துக்கொண்டு உண்மையிலேயே தேடினார்.

"அப்ப வாசல்ல காவலாளி இவரை விடுவாரா ஐயா?"

"ஆணையை எடுத்துக் காட்டினால் கட்டாயம் விடுவார்."

திரும்பி நடந்தார்கள். வழியில் சகலை, இனி அடுத்த இதழாவது ஒழுங்காக வரட்டும், வெள்ளை விளக்கு மாட்டிய மறுநாள்தானே எல்லாம் கறுத்தது, அந்த விளக்கை நாமே மாற்றிவிடலாம் என்றார். விளக்கை மாற்ற உத்தரவு கேட்டால் வெள்ளை விளக்கில் என்ன குறை கண்டாய் என்று ஒரு குழு போடுவார்கள் என்பது இத்தனை நாள் அதிகாரியாக இருந்ததில் அவருக்கும் புரிந்திருந்தது. கிடங்கில் போட்டிருந்த மஞ்சள் குழல்களை அவரே தோளில் சுமந்துகொண்டு வந்தார். ஏணியைப் பிடித்துக்கொண்டார். பிளேட்காரர் மேலே ஏறினார்.

மணி நாலு ஆயிற்று. சகலை நகரவில்லை.

"உங்களுக்கு நேரமாச்சே சகலை" என்றார் பிளேட்காரர் மேலேயிருந்து.

"இல்லை சகலை. இனிமே நானும் அஞ்சு மணிக்குத்தான். உங்களை இங்கே விட்டுட்டு நான் அங்கே உக்காந்து டீ குடிக்கறது தொண்டையில இறங்கலை. அண்ணிகிட்ட நேத்தே சொல்லிட்டேன். அவங்க பாவம், டீ குடிக்கறப்பல்லாம் உங்களைப் பத்தியேதான் பேசுவாங்க. நீங்க சொன்ன பழைய ஜோக்கையெல்லாம் என்கிட்ட சொல்லிட்டு அவங்களே சிரிச்சுக்குவாங்க."

பிளேட்காரர் குழலைப் பொருத்துவதில் மும்முரமாக இருப்பது போல் இருந்தார். ஒரு விளக்கு எரிந்தது. இன்னொன்றும் எரிந்தது. அறை பழையபடி மஞ்சளாயிற்று.

"சகலை" என்றார் கீழேயிருந்தவர். "அன்னிக்கு நான் பேனாவோட வந்து கேட்டேனே, வெள்ளை விளக்கு போட்டா இப்படி ஆகும்னு உங்களுக்கும் தெரியாது, இல்ல?"

ஏணி லேசாக ஆடியது. சகலை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"தெரியாது" என்றார் பிளேட்காரர்.

"அதானே. தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பீங்களே."

அதை அவர் சமாதானத்துக்காகச் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னார். பிளேட்காரர் குனிந்து பார்த்தார். பதவி, மேசைக்கண்ணாடி, பாராட்டுப் பத்திரம், நாலு மணி, இரண்டாவது டீ என்று அந்த மனிதனிடம் பொறாமைப்பட இருந்ததெல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று போய்விட்டிருந்தது. மிச்சமிருந்தது அந்த நல்ல மனசு ஒன்றுதான். அதையும் பார்க்கப் பொறுக்கவில்லை. முன்னெல்லாம் எரிந்ததைவிட அதிகமாகவே எரிந்தது.

"இறங்குங்க சகலை, பிடிச்சிருக்கேன்" என்றார் சகலை.

அவர் உடனே இறங்கவில்லை.